நீ எடுத்து வைத்த கிரீடம்

நேற்று சாயங்காலம் மருமகள் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அணைக்கச் சொல்ல அலுப்பாக இருந்தது. எழுந்து போய் நானே அணைக்க அதைவிட அலுப்பு. அப்படியே உட்கார்ந்து பார்த்தேன். ஏதோ ராஜா கதைத் தொடர். யாரையும் மதிக்காத இளவயது அரசன் ஒருவன் சிம்மாசனத்தில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு கிடக்கிறான். குலத்தின் மூத்தவர் சபைக்குள் வருகிறார். வெள்ளைத் தாடி, கையில் கோல். அவர் நாலு வார்த்தை பேசியதும் மேளமும் இடியுமாக முழங்க, சபையில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் மூன்று தடவை காட்டினார்கள். அரசன் கண்ணீரோடு மண்டியிட்டான். பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எவ்வளவு சுலபமாக மண்டியிட்டுவிட்டான் என்று நினைத்தேன். உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது, இது உன்னிடம் வந்து சேராது என்பது தெரியும். ஆனால் வேறு யாரிடம் சொல்வது? நம் நாடகத்தில் மேடையேறியவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம்.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலில் கொடியை இறக்கிக்கொண்டு போன அடுத்த வருஷம். உனக்கும் எனக்கும் இருபத்திரண்டு வயது. நீ பத்திரம் எழுதித் தரும் நொத்தேரின் அலுவலகத்தில் படியெடுத்துக்கொண்டிருந்தாய். நான் ஒன்றும் செய்யவில்லை. நாங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கக்கூடிய குடும்பம். விழிதியூரில் உன் அப்பா உழுத நிலம் எங்களுடையது. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா அதே நிலத்தை உழுதார். பள்ளிக்கூடத்தில் நீ என்னை ‘டா’ போட்டுப் பேசுவாய். எங்கள் வீட்டுக் களத்துக்கு நெல் மூட்டையோடு வரும் நாளில் ‘வாங்க, போங்க’ என்பாய். இரண்டும் உன் வாயில் இயல்பாகவே வரும். ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. அதை நான் அப்போது கவனிக்கவே இல்லை. கவனிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

நாடகம் காதர் அண்ணனின் யோசனை. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா? காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு பேசுவார். “வெள்ளக்காரன் போயிட்டான். நாம இன்னும் வாயப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா எப்புடி? ஒரு நாடகம் போடுவோம், இன்ஷா அல்லா” என்று ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து சொன்னார். கதையையும் அவரே எழுதினார். அப்பன் செத்ததும் பட்டத்துக்கு வந்த இளைய ராஜா, தன் கேளிக்கைக் குளத்தை நிரப்ப ஆற்றை மறிக்கிறான். வயல் காய்கிறது. கேட்க வந்தவர்களைச் சிறையில் போடுகிறான். கடைசியில், அவன் பாட்டனுக்கும் அப்பனுக்கும் பட்டம் கட்டிய தொண்ணூறு வயதுப் பெரியவர் சபைக்கு வந்து பேசுகிறார். ராஜா மண்டியிட்டு அவர் காலடியில் கிரீடத்தை வைக்கிறான். அவர் அவனைத் தூக்கி நிறுத்தி, கிரீடத்தை மறுபடி தலையில் வைக்கிறார்.

ராஜா வேஷம் எனக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உயரம் இருந்தது, நிறம் இருந்தது, வீட்டில் பட்டும் மோதிரமும் இருந்தன. “சின்னய்யாவுக்கு வேஷமே வேண்டாம், அப்படியே வந்து நின்னா போதும்” என்றார் காதர் அண்ணன். அதை நான் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

பெரியவர் வேஷத்துக்கு மூன்று பேர் பேசிப் பார்த்தார்கள். மூவருமே இருமினார்கள். இருமினால் கிழவர் என்று நினைத்தார்கள். நீ மூலையில் உட்கார்ந்து எங்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். அண்ணன் அலுத்துப்போய், “நீ ஒருக்கா படிடா” என்றார். நீ எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, பத்திரம் படிக்கிற மாதிரி ஒரே நிதானத்தில் படித்தாய். தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்த பையன்கள் காலை நிறுத்திவிட்டார்கள். அந்த மெலிந்த உடம்புக்குள் அப்படியொரு குரல் எங்கே இருந்தது?

ஒத்திகையில் கடைசிக் காட்சி வரும்போதெல்லாம் நான் ஏதாவது சாக்குச் சொன்னேன். வேட்டி அழுக்காகும் என்றேன். முட்டி வலிக்கிறது என்றேன். “நாடகத்தன்னைக்குப் போடுறேன் அண்ணே” என்று ஒப்புக்கு லேசாகக் குனிவேன். நீ என் தலைக்கு மேலே காற்றில் கையை வைத்து ஆசீர்வதித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவாய்.

இனிமேல் எழுதுவதில் ஒன்றை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. அது உனக்குத் தெரியாமலே இருந்திருக்கும் என்று ரொம்ப நாள் நம்பினேன்.

நாடகத்துக்கு நாலு நாள் முன்னால் அப்பா என்னைக் கூப்பிட்டார். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“நாடகம் கடேசில என்ன வருதாம்?”

“ராஜா திருந்திடுறான்ப்பா.”

“எப்புடித் திருந்துறான்?”

“பெரியவர் காலடியில மண்டி போட்டு.”

“பெரியவரு யாரு?”

உன் பெயரைச் சொன்னேன். அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

“அவன் அப்பன் எங்க நிக்கிறான்?”

“நம்ம வயல்ல.”

“நீ மண்டி போட்டீன்னா அடுத்த நடவுக்கு அங்க நிக்க மாட்டான். போ. வெத்தலைச் செல்லத்த எடுத்துட்டு வரச் சொல்லு.”

குரலை உயர்த்தவே இல்லை. அவர் எப்போதும் அப்படித்தான்.

அன்று நான் உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். நீயும் நானும் காதர் அண்ணனும் உட்கார்ந்து முடிவை மாற்றி எழுதியிருக்கலாம், ஒரு மணி நேர வேலை. நான் வரவில்லை. உன் குடும்பத்தைக் காப்பாற்றத்தான் சும்மா இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அப்பா சொன்னதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் முன்னால் மண்டியிட எனக்கும் பிடிக்கவில்லை. இதைக் காகிதத்தில் எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அரிசி ஆலையின் சிமெண்டுக் களத்தில் பந்தல் போட்டார்கள். கிராமத்துப் பெண்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று மூன்று மணிக்கே நாடகம். முன்வரிசையில் நாற்காலிகள். நடு நாற்காலியில் அப்பா. களத்தின் கடைசியில், வெயிலில், விழிதியூர்க்காரர்கள் நின்றார்கள். உன் அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து நின்றதை நான் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

நான் நன்றாகவே நடித்தேன். காறித் துப்புவது, காலால் எத்துவது, வயதானவர்களை ‘அடேய்’ என்பது, எதற்கும் சிரமப்படவில்லை. கடைசிக் காட்சியில் நீ வந்தாய். ஆட்டு ரோமத் தாடி. முதுகு வளைந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் கோல் தரையைத் தேடிப் பிடித்தது. சிம்மாசனத்துக்கு வந்து சேர நீ எடுத்துக்கொண்ட நேரத்தில் கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. நீ பேசினாய். ஆறு யார் சொத்து என்று கேட்டாய். ராஜாவின் பாட்டன் முதல் முதலாகக் கிரீடம் வைத்தபோது கழுத்து நடுங்கியது, அந்த நடுக்கம் இருந்தவரைக்கும் அவன் நல்ல அரசன் என்று சொன்னாய். பிறகு, “மண்டியிடு, மகனே” என்றாய்.

நான் எழுந்து நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

ஓரத்திலிருந்து காதர் அண்ணன், “மண்டி, மண்டி” என்று அடித்தொண்டையில் சொன்னார். நான் மார்பில் கையைக் கட்டிக்கொண்டேன். அந்தக் கைகட்டல் நாடகத்தில் இல்லை. நீ என் கண்ணைப் பார்த்தாய். மெல்லத் திரும்பி முன்வரிசையைப் பார்த்தாய். மறுபடி என்னைப் பார்த்தாய். உனக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

நீ கோலைக் கீழே வைத்தாய். வளைந்த முதுகோடு ஒரு படி ஏறினாய். இரண்டு கையாலும் என் தலையிலிருந்து கிரீடத்தை எடுத்தாய். அவசரம் இல்லை, கோபம் இல்லை. தூங்குகிற குழந்தையின் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றுகிற மாதிரி எடுத்தாய். அதை எனக்குப் பின்னால் இருந்த காலி ஆசனத்தில் வைத்தாய்.

“அரசன் வரட்டும். அதுவரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும்.”

இவ்வளவுதான் சொன்னாய். காதர் அண்ணன் எழுதாத வசனம். கோலை எடுத்துக்கொண்டு, வந்த அதே வேகத்தில் நடந்து உள்ளே போய்விட்டாய். நான் வெறும் தலையோடு நின்றேன். கிரீடம் அழுத்திய இடத்தில் நெற்றியில் வேர்வை வழிந்தது. எங்கே பார்ப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திரை இழுக்கிறவனுக்கும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல முடியாது. முதலில் களத்தின் கடைசியிலிருந்துதான் கைதட்டல் வந்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் நிலபுலன் பார்க்கும் எங்கள் காரியக்காரரைக் கூப்பிட்டு, அறுவடை ஆனதும் உன் அப்பாவை நிலத்தை விட்டுவிடச் சொல்லும்படி அப்பா சொன்னார். எல்லைக்கு அந்தப் பக்கம் தஞ்சாவூர் ஜில்லாவில் குத்தகைக்காரர்களுக்கு ஏதோ சட்டம் வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். நம் பக்கம் அப்போது அப்பா சொன்னதுதான் சட்டம். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நான்தான் மண்டி போடலியேப்பா.”

அப்பா என்னைப் பார்த்தார். அப்படி என்னை முழுசாகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“போட்டிருந்தா நாடகம்னு போயிருக்கும். நீ நின்ன. அவன் எடுத்தான். ஒன் தலையிலேருந்து போனது அட்டையும் ஜிகினாவுமா? ஊரே பாத்துச்சுடா.”

காரியக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு வார்த்தை சொன்னால் கிளம்பாமல் நிற்கலாம் என்று காத்திருந்தாரோ என்னவோ. நான் வாய் திறக்கவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து நொத்தேர் அலுவலகத்துக்கு உன்னைப் பார்க்க வந்தேன். நீ மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுதிக்கொண்டே, “ஒக்காருடா” என்றாய். அந்த ‘டா’வைக் கேட்டதும்தான் உட்கார்ந்தேன்.

“அப்பா முன்னாடியே சொல்லியிருந்தாருடா. மண்டி போட்டா நிலம் போயிடும்னு. அதனாலதான்...”

“தெரியும். ஒங்கப்பா மொகத்தப் பாத்தேனே.”

“தெரிஞ்சுமா எடுத்த?”

பேனாவைத் துடைத்து வைத்தாய். “நீ மண்டி போட்டிருந்தா ஒன்னத் தூக்கி நிறுத்தியிருப்பேன். அண்ணன் அதத்தான் எழுதியிருந்தாரு. எனக்கு அந்த எடந்தான் புடிக்கும். நீ கையக் கட்டுன பாரு, அப்ப நான் பெரியவராவே இருந்தேன். தொண்டையில வந்ததச் சொல்லிட்டேன். நெலம் கிலமெல்லாம் உள்ள போய்த் தாடியப் பிச்சி எடுத்தப்பதான் ஞாபகம் வந்துச்சு.”

“ஒங்கப்பா என்ன சொன்னாரு?”

“அவருக்கு நாடகத்தாலதான்னு தெரியாது. சொல்லல. நீயும் சொல்லாத.”

நான் சத்தியம் செய்தேன். எனக்கு வசதியான சத்தியம்.

அடுத்த ஆடியில் அந்த வயலில் வேறு ஆள் உழுதான். உன் அப்பா குரும்பகரத்தில் கூலிக்குப் போனார். ஒரு சந்தை நாளில் என்னைப் பார்த்துவிட்டார். தலையில் இருந்த புல்லுக்கட்டை அவசரமாக இறக்கி வைத்துவிட்டு, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இனி அவர் எங்கள் ஆள் இல்லை. அந்த மரியாதைக்கு அவசியமே இல்லை. ஆனாலும் கட்டிக்கொண்டார்.

“சின்னய்யா, நல்லாருக்கீங்களா? பெரியய்யா சொகமா?”

“இருக்காங்க.”

“அன்னைக்கி நாடகத்துல எம்புள்ள நல்லாப் பேசுனானாமே? நான் கடேசில நின்னதால சரியாக் காதுல வுழல. எல்லாரும் தட்டுனாங்க, நானும் தட்டுனேன். கடேசில என்னங்க சொன்னான்?”

நான் அவருக்கு உன் வசனத்தைச் சொன்னேன். அவர் உதட்டை அசைத்து ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். “அரசன் வரட்டும்...” என்றவர், சிரித்தார். பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. “நல்லாத்தான் சொல்லியிருக்கான். எங்கேருந்து வந்துச்சு அவனுக்கு?” கட்டைத் தூக்கிவிடச் சொன்னார். தூக்கி அவர் தலையில் வைத்தேன். அந்தக் கனம் நான் நினைத்ததைவிட அதிகம்.

பிறகு நீ பாண்டிச்சேரிக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாய். பொங்கலுக்கு ஒரு கடிதம், தீபாவளிக்கு ஒரு கடிதம். எல்லாரும் சுகம், மழை பரவாயில்லை. இருவருமே அந்த நாடகத்தைப் பற்றி எழுதவில்லை. காதர் அண்ணன் மறுபடி நாடகம் போடவில்லை. கேட்டால், “அதுக்கு மேல ஒரு முடிவு என்னால எழுத முடியாதுப்பா” என்பார். அவரும் மவுத்தாகி ரொம்ப நாளாயிற்று.

அப்பா இன்னும் பதினெட்டு வருஷம் இருந்தார். நிலம் என் கைக்கு வந்தபோது உன் அப்பா இல்லை. விடுப்பில் வந்திருந்த உன்னிடம் வந்து, அந்த வயலை நீ எடுத்துக்கொள், உன் பெயருக்கே எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அதைச் சொல்ல நான் எத்தனை நாள் மனசுக்குள் பேசிப் பார்த்தேன் தெரியுமா? நீ வேப்பங்குச்சியை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய்.

“எனக்கு ஏர் புடிக்கத் தெரியாதுடா. எங்கப்பாவுக்குத்தான் தெரியும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாய்.

ஓய்வு பெற்று நீ விழிதியூருக்கே வந்துவிட்ட பிறகு மாதம் ஒரு முறையாவது சந்தித்தோம். சர்க்கரை, முழங்கால், பிள்ளைகள் என்று பேசுவோம். வயதானவர்களின் சிநேகம். அதில் பாதி மௌனம்தான். எல்லாம் ஆறிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன். கடைசியாக உன்னைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். உன் மகன் மாத்திரை வாங்கப் போயிருந்தான். சம்பந்தமில்லாமல் கேட்டாய்:

“அன்னைக்கி ஒங்கப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?”

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. “கேக்கல” என்றேன்.

“கேட்டிருக்கலாம்.” கண்ணை மூடிக்கொண்டாய். மூடியபடியே, “கேட்டாலும் நடந்திருக்காது. ஆனா கேட்டிருக்கலாம்” என்றாய்.

நாலாம் நாள் உன் மகன் வந்து சொன்னான். உன் காரியங்களுக்கெல்லாம் வந்து நின்றேன். எல்லாரும் என்னை உன் பால்ய சிநேகிதர் என்று மரியாதையாக உட்காரவைத்தார்கள்.

அன்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் வாயில் ஒரு வாக்கியம் இருந்தது. உன்னிடம்கூடச் சொன்னதில்லை. “அவங்க அங்கயே இருக்கட்டும்ப்பா.” மூன்றே வார்த்தை. நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. இப்போது அது நினைத்த நேரத்தில் வந்துவிடுகிறது. குளிக்கும்போது வரும், மாத்திரை விழுங்கும்போது வரும். போன மாதம் காரைக்காலிலிருந்து கோவில்பத்துக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டு திரும்பினார்.

“யாருங்க? யாரு இருக்கட்டும்ங்கிறீங்க?”

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன். வீட்டுக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. நடந்தே போனேன்.